கீழூரில் வாக்களித்த கவுன்சிலர்கள் இன்று எங்கே?



ஆண்டுதோறும் ஆகஸ்ட் 16 அன்று கீழூர் நினைவிடத்தில் கொடியேற்றுகிறார்கள். நல்லதுதான். ஆனால் 1954 அக்டோபர் 18 அன்று அங்கே வாக்களித்தவர்கள் யார்? பிரதிநிதித்துவ சபை உறுப்பினர்களும் முனிசிபல் கவுன்சிலர்களும், மொத்தம் 178 பேர். இந்தியாவோடு இணைய 170 பேர் வாக்களித்தார்கள். எதிர்த்தவர்கள் 8 பேர்.

நாம் எந்த நாட்டுக் குடிமக்கள் என்று முடிவு செய்யும் உரிமை அன்றைய கவுன்சிலருக்கு இருந்தது. இன்றோ, எங்கள் தெருச் சாக்கடையைப் பற்றிப் பேசக்கூட புதுச்சேரியில் ஒரு கவுன்சிலர் கிடையாது.

நான் பிரெஞ்சு வழியில் படித்தவன். 'கொம்யூன்' என்ற சொல்லுக்கு 'பொது' என்பதே வேர் என்று எங்கள் ஆசிரியர் சொல்லிக் கொடுத்தார். 1880ஆம் ஆண்டு ஆணையால் வந்த அந்த கொம்யூன் என்ற பெயரை இன்றும் வைத்திருக்கிறோம். பிரெஞ்சுக்காரர் காலத்துத் தேர்தல் யோக்கியமாக நடந்தது என்று சொல்ல வரவில்லை. அடியாட்களும் கள்ள வோட்டும் இருந்ததைப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். ஆனாலும் தேர்தல் என்று ஒன்று நடந்தது.

பிறகு? 1968இல் ஒரு தேர்தல். அடுத்தது 38 ஆண்டுகள் கழித்து 2006இல். அவர்கள் பதவிக்காலம் 2011இல் முடிந்தது. அதன் பிறகு இன்றுவரை இல்லை. 2021இல் அறிவித்தார்கள், இட ஒதுக்கீட்டுக் குளறுபடியில் நீதிமன்றம் போய் அதுவும் நின்றது. ஐந்தாண்டு முடிவதற்குள் அடுத்த தேர்தலை நடத்த வேண்டும் என்கிறது அரசியல் சட்டம். 5 நகராட்சிகளும் 10 கொம்யூன் பஞ்சாயத்துகளும் அதிகாரிகள் கையில்தான் இருக்கின்றன.

அதிகாரிகள் நன்றாகத்தானே நடத்துகிறார்கள் என்பவர்களுக்கு என் சொந்தக் கதையைச் சொல்கிறேன். நான் ஓர் உள்ளாட்சி அலுவலகத்தில் எழுத்தராக இருந்தவன். கேள்வி கேட்க ஆளில்லாத நாற்காலி எவ்வளவு சுகம் என்பது உட்கார்ந்து பார்த்தவனுக்குத்தான் தெரியும். ஒரு குடியிருப்புக்குத் தெருக்குழாய் கேட்டு வந்த மனு மூன்று ஆண்டுகள் என் பீரோவில் கிடந்தது. யாரும் தடுக்கவில்லை. யாரும் கேட்கவில்லை, அவ்வளவுதான். 2006இல் அந்த வார்டில் ஓர் அம்மா ஜெயித்து வந்தார். அதிகம் படிக்காதவர். என் மேசை முன்னால் வந்து நின்று, "ஐயா, அந்தக் காகிதம் எங்க இருக்கு? எடுங்க, நான் நிக்கிறேன்" என்றார். எடுத்தேன். இரண்டு மாதத்தில் தண்ணீர் வந்தது. எனக்கு இன்றும் வெட்கமாக இருக்கிறது.

கவுன்சிலர் வந்தால் கமிஷனும் வரும் என்பார்கள். வரலாம். ஆனால் கவுன்சிலர் நம் தெருவில்தான் குடியிருக்க வேண்டும். ஐந்தாண்டு கழித்து நம் வாசலுக்கு வந்தாக வேண்டும். அதிகாரிக்கு மாற்றல் உத்தரவு வந்தால் போதும், மறுநாள் அவர் யாரோ, நாம் யாரோ.

எம்.எல்.ஏ. போதாதா என்பார்கள். சட்டம் இயற்றப் போனவர் தெருவிளக்கு மாட்டித் தருவதைச் சாதனையாகச் சொல்ல வேண்டியிருப்பதே, கீழே இருக்க வேண்டியவர் இல்லாததால்தான். அந்த நல்ல பெயரைப் பங்கு போட எந்தக் கட்சிக்கும் மனமில்லை. ஆளும் கட்சி மாறியும் இதில் மட்டும் மாற்றம் இல்லையே!

கடற்கரைச் சாலையில் நம் பழைய 'மேரி' கட்டடம் 2014 மழையில் இடிந்து விழுந்தது. பழைய வடிவத்திலேயே மறுபடியும் கட்டி 2021இல் திறந்தார்கள். பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. உள்ளே உட்கார மக்கள் தேர்ந்தெடுத்த ஒருவர்தான் இல்லை.

என் வயதொத்தவர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த முறை வோட்டுக் கேட்டு வருபவர்களிடம் உதவித்தொகையைப் பற்றி மட்டும் கேட்காதீர்கள். "உள்ளாட்சித் தேர்தல் எப்போது?" என்றும் கேளுங்கள். பதில் வரும்வரை, அந்த அம்மா மாதிரி, நின்று கேளுங்கள்.