உள்வாரியோ, வெளிவாரியோ?

பல்கலைக்கழகம் புகும் வாய்ப்பை இழந்த மாணவர், "இனி வெளிவாரிதானே" என்று தாழ்ந்த குரலிற் கூறக் கேட்கின்றோம். வெளிவாரிக் கல்வி தோற்றோர் ஒதுங்கும் திண்ணையன்று. காரைதீவிற் பிறந்த விபுலாநந்த அடிகள் கொழும்பில் ஆசிரியப் பயிற்சி பெற்றவர். யாழ்ப்பாணத்திற் கற்பித்துக்கொண்டே 1920 இல் இலண்டன் விஞ்ஞானப் பட்டத்தைப் பெற்றார். 1931 இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேராசிரியரும் ஆயினார்.

ஆயினும், முழுநேரக் கல்வி கிட்டுமிடத்து அதனைக் கைவிடலாகாது. 1981 இல் வந்தாறுமூலையிற் பல்கலைக்கழகக் கல்லூரியாய்த் தொடங்கியது 1986 இல் கிழக்குப் பல்கலைக்கழகமாயிற்று. நூலகமும் ஆய்வுகூடமும் ஆசிரியரோடு உரையாடலும் அத்தகைய இடத்தில் நாள்தோறும் வாய்க்கும். பகலெல்லாம் கற்பித்து, இரவிலே நூலைத் திறக்கும் அடியேன் இவற்றின் அருமையை நன்கறிவேன். நான்காண்டில் முடிப்போம் எனத் தொடங்கிய படிப்பு ஏழாண்டாகியும் முடிந்திலது. சுமை தாங்குவோர் இல்லத்தார்.

ஆதலின், தொழிலோடு கற்க விழைவோர் முன்னரே மூன்றைக் கணக்கிடுக: நாள்தோறும் மெய்யாகவே கிடைக்கும் நேரம், கட்டணத்துக்கு வழி, பட்டத்தின்பின் புகும் துறை. இம்மூன்றும் தெளிந்தால் காலம் நீளினும் கரை சேரலாம்.

பழைய மாணவராகிய நமக்கும் கடனுண்டு. தொழில்புரியும் இளைஞர்க்கு மாலையிலே திறந்திருக்கும் வாசிப்பறை ஒன்றைக் கல்லூரியில் அமைப்போமாயின், அதுவே இவ்விழாவின் நிலைத்த நினைவாகும்.