கட்டியும் தீராத கடன்

கடன்பற்று அட்டைக்கு மாதந்தோறும் வங்கி குறிக்கும் குறைந்தபட்சத் தொகையைத் தவணை நாள் தவறாமல் கட்டிவருகிற குடும்பம் கடனைக் கட்டுக்குள் வைத்திருக்கிற குடும்பம்தான் என்னும் அபிப்பிராயம், கோலாலம்பூரிலும் அதைச் சூழ்ந்த கிள்ளான் பள்ளத்தாக்கிலும் வாழும் நம்மவரிடையே சந்தேகத்துக்கு இடமற்ற சத்தியத்தைப் போல வேரூன்றிவிட்டது. பிரிக்பீல்ட்ஸ் உணவுக் கடைகளிலும், கிள்ளான் தெங்கு கிளானா சாலைத் துணிக்கடை வாசல்களிலும், சம்பளம் வந்த வாரத்தில், “மினிமம் கட்டியாச்சு, இந்த மாசத்துக்குக் கவலை இல்லை” என்று நிம்மதியோடு சொல்லக் கேட்கிறோம். சொல்பவர் ஊதாரி அல்லர்; வாக்குத் தவறாதவர்; வாங்கிய பணத்தைத் திருப்பித் தரவேண்டும் என்ற தர்மத்தைப் பெற்றோரிடமிருந்து கற்றவர். அத்தகைய நாணயமான மனிதரையே இந்த நம்பிக்கை பிடித்துக்கொண்டு ஆண்டுக்கணக்கில் விடாமல் உறிஞ்சுகிறது என்பதனால்தான், இதை ஏதோ ஒரு சிறு அறியாமை என்று சும்மா விட்டுவிட எனக்கு மனம் வரவில்லை.

முதலில் அந்தக் குறைந்தபட்சத் தொகை யாது என்று பார்ப்போம். பட்டியலில் நிற்கும் கடனில் 5 விழுக்காடு, அல்லது 50 வெள்ளி, இவற்றுள் எது அதிகமோ அது. இதுவே நமது நாட்டில் பொதுவாக நடப்பிலிருக்கும் முறை. வட்டியைப் பொறுத்தவரை, பன்னிரண்டு மாதமும் இந்தத் தொகையை உரிய நாளில் கட்டியவருக்கு ஆண்டுக்கு 15 விழுக்காடு, பன்னிரண்டில் பத்து மாதமாவது கட்டியவருக்கு 17, மற்றவர்களுக்கு 18 என்று மத்திய வங்கியான பேங்க் நெகாரா உச்சவரம்பு வகுத்திருக்கிறது. நமது நண்பர் ஒரு நாளும் தவறாதவர். ஆகையால் அவரை 15 விழுக்காட்டு வகுப்பிலேயே வைத்துக் கணக்கிடுவோம். அவருக்கு 5,000 வெள்ளி கடன் இருக்கிறது; இன்று முதல் அந்த அட்டையால் ஒரு காசுக்கும் பொருள் வாங்குவதில்லை என்று விரதம் பூண்டு, குறைந்தபட்சத் தொகையை மட்டும் மாதாமாதம் கட்டிவருகிறார் என்று கொள்வோம். அவர் கட்டும் பணத்தில் ஏறத்தாழக் கால் பங்கு வட்டிக்கே போய்விட, எஞ்சியது அசலைச் சிறிது சிறிதாகக் கரைக்க, அந்தக் கடன் முற்றிலும் தீர ஏறத்தாழ 65 மாதம் ஆகும். வட்டியாக மட்டும் அவர் 1,400 வெள்ளிக்கு மேல் கொடுத்திருப்பார். இன்று முதலாம் வகுப்பில் சேர்கிற அவருடைய குழந்தை ஆறாம் வகுப்புக்குப் போயிருக்கும்.

இதே மனிதர், முதல் மாதம் தம்மால் கட்ட முடிந்த அந்த 250 வெள்ளியையே அடுத்த மாதமும், அதற்கடுத்த மாதமும் குறைக்காமல் கட்டிவந்தால் என்ன ஆகும்? 24ஆவது மாதத்தில் கடன் தீர்ந்துவிடும். வட்டி 800 வெள்ளிக்குள் அடங்கிவிடும். வருமானம் அதே வருமானம், கடன் அதே கடன், முதல் தவணை அதே தவணை. அப்படியிருக்க மூன்று ஆண்டுகளுக்கு மேற்பட்ட வித்தியாசம் எங்கிருந்து வந்தது என்பதைச் சற்று நின்று யோசிக்க வேண்டும். கடன் குறையக் குறைய வங்கி கேட்கும் தொகையும் குறைந்துகொண்டே வருகிறது. 250 கேட்ட பட்டியல் சில மாதம் கழித்து 220 கேட்கிறது, பிறகு 200 கேட்கிறது. அதைக் கண்டு, பாரம் இறங்குகிறதென்று மகிழ்ந்து, மிச்சமான முப்பதையும் ஐம்பதையும் வேறு செலவுக்கு ஒதுக்கிவிடுகிறோம். பாரம் இறங்குவதாக நமக்குத் தோன்றும் அந்த இடத்திலேதான் கடனின் ஆயுள் நீட்டப்படுகிறது. குறைந்தபட்சத் தொகை என்பது கடனாளி கடனிலிருந்து விடுபடுவதற்காகக் கணக்கிடப்பட்ட தொகை அன்று. அவர் தவறியவர் பட்டியலில் விழாமல் கடனாளியாகவே தொடர்வதற்குப் போதுமான தொகை. இந்த ஒரு பேதத்தை நமது குடும்பங்கள் உணர்ந்துவிட்டால் இக்கட்டுரைக்கே அவசியம் இராது.

மேற்சொன்ன கணக்கில் நண்பரை விரதம் பூண்டவராக வைத்துக்கொண்டோம். நடைமுறையில் அப்படி யார் இருக்கிறார்கள்? அரிசியும் எண்ணெயும் பெட்ரோலும் அதே அட்டையில்தான் வாங்கப்படுகின்றன. முழுத் தொகையையும் கட்டிவிடுகிறவருக்கு, வாங்கிய பொருளுக்குக் குறைந்தது 20 நாளாவது வட்டியில்லாக் காலம் கிடைக்கிறது. பழைய பாக்கியை இழுத்துக்கொண்டு போகிறவருக்கோ அந்தச் சலுகை இல்லை; அவர் வாங்குகிற புதிய பொருளுக்கும், கணக்கில் பதிவான நாளிலிருந்தே வட்டி ஓடத் தொடங்குகிறது. ஆகவே பாக்கி வைத்திருக்கிற வீட்டில் உண்ணும் சோற்றுக்கும் வட்டி உண்டு, பிள்ளையைப் பள்ளிக்கு ஏற்றிச்செல்லும் வண்டியின் எரிபொருளுக்கும் வட்டி உண்டு. மலிவு விற்பனையில் பத்து விழுக்காடு தள்ளுபடி பெற்றோம் என்று மகிழ்கிற இல்லத்தரசிக்கு, அந்தப் பத்து விழுக்காட்டை வங்கிக்குத் திருப்பிக் கொடுக்க எத்தனை மாதம் போதும் என்று யாரும் சொல்வதில்லை. ஆண்டுக்கு 15 என்றால் ஏறத்தாழ ஒன்பது மாதம் போதும்.

இவ்வளவு வெளிப்படையான கணக்கு இருந்தும் பொய்யான நம்பிக்கை ஏன் இப்படி நிலைத்து நிற்கிறது? அதற்கு ஆதாரம் போலத் தோன்றும் சில விஷயங்கள் இருக்கின்றன என்பதை மறுக்க முடியாது. தவறாமல் குறைந்தபட்சம் கட்டுகிறவருக்கு வட்டி விகிதம் இறங்குகிறது. அது ஒரு நற்சான்று போலத் தோன்றுகிறது. வீட்டுக் கடனோ கார்க் கடனோ கேட்கப் போகும்போது வங்கிகள் புரட்டிப் பார்க்கும் பேங்க் நெகாராவின் சிசிரிஸ் பதிவேட்டில், கடந்த பன்னிரண்டு மாதங்களுக்கும் அவர் பெயருக்கு நேரே வரிசையாகப் பூஜ்யங்கள் நிற்கின்றன. அந்தப் பூஜ்யம் தவணை நிலுவை இல்லை என்பதற்கான பூஜ்யமே. கடனே இல்லை என்பதற்கு அது அத்தாட்சி ஆகாது. போதாக்குறைக்கு, ஒழுங்காகக் கட்டுகிறவர் என்று கண்டு வங்கி அவருடைய கடன் வரம்பை உயர்த்தித் தர முன்வருகிறது. இன்னொரு வங்கி பழைய பாக்கியைத் தன் அட்டைக்கு மாற்றிக்கொள்ளும்படி சலுகை வட்டியோடு அழைக்கிறது. மாற்றிய பாக்கியைச் சலுகைக் காலத்துக்குள் அடைத்துத் தீர்ப்பவருக்கு அது மெய்யான உதவி. அடைக்காதவருக்கோ பழைய அட்டையில் காலியான இடம் மீண்டும் நிரம்பி, ஒரு கடன் இரண்டாகிறது. ஆனால் அமெரிக்காவில் 2009இல் இயற்றப்பட்ட சட்டம், குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டினால் கடன் தீர எத்தனை காலம் ஆகும் என்பதைப் பட்டியலிலேயே அச்சிட வேண்டும் என்று வங்கிகளைக் கட்டாயப்படுத்தியது. இந்த நம்பிக்கையின் ஆபத்தை அரசாங்கங்களே உணர்ந்திருக்கின்றன.

நம்மவரில் பலர் வட்டிக்கடைக்குப் போவதை மானக்கேடாகவும், வங்கி அட்டையைக் கௌரவமாகவும் கருதுகிறார்கள். ஆலோங் என்று மக்கள் அஞ்சும் சட்டவிரோத வட்டிக்காரனிடம் போகாமல் இருப்பது விவேகந்தான். ஆனால் உரிமம் பெற்ற வட்டிக்காரர் ஈடில்லாத கடனுக்கு வாங்கத் தகுந்த உச்ச வட்டி ஆண்டுக்கு 18 விழுக்காடு என்று 1951ஆம் ஆண்டுச் சட்டம் இன்று வரையறுக்கிறது. கடன்பற்று அட்டையின் உச்ச வட்டியும் அதே 18தான். ஒரு காலத்தில் லெபோ அம்பாங் கிட்டங்கிகளில் செட்டியாருக்கு முன்னால் கணக்கு எழுதி வாங்கிய கடனுக்கு இருந்த பயம், பளபளப்பான அட்டையை நீட்டும்போது இல்லாமல் போனதற்கு நியாயமான காரணம் ஒன்றும் எனக்குப் புலப்படவில்லை. இதைவிட வேதனையான காட்சி அடகுக் கடையிலே நடக்கிறது. அட்டையின் குறைந்தபட்சத் தொகையைக் கட்டுவதற்காகத் தாலிக்கொடியையும் வளையலையும் கொண்டுபோய் அடகு வைக்கிற தாய்மார்கள் இருக்கிறார்கள். 1972ஆம் ஆண்டு அடகுத் தொழில் சட்டப்படி அடகுக் கடைக்காரர் மாதத்துக்கு 2 விழுக்காடு வரை வட்டி வாங்கலாம். அதாவது ஆண்டுக்கு 24. பதினைந்து விழுக்காட்டுக் கடனில் நல்ல பெயர் காப்பாற்றுவதற்காக இருபத்துநான்கு விழுக்காட்டுக் கடனை வாங்கும்படி ஒரு பெண்ணை ஏவுகிற நம்பிக்கையை எப்படிப் பொறுத்துக்கொள்வது?

வருமானம் போதவில்லை, வேறு என்னதான் செய்வது என்று கேட்பவர்களுக்குப் பதில் சொல்லியாக வேண்டும். அந்தக் கேள்வி நியாயமானது. மேடையில் ஏறித் தீபாவளிப் பட்டுப்புடவையையும் கல்யாண மண்டபச் செலவையும் மட்டுமே சாடிவிட்டு இறங்கிவிடுகிற உபதேசிகளோடு எனக்கு உடன்பாடில்லை. ஆடம்பரமே செய்யாத வீடுகளும் இந்தக் கடனில் கிடக்கின்றன. வீட்டு வாடகையும் கார்த் தவணையும் கொடுத்தபின் மாதத்தின் கடைசி வாரத்தை அட்டையால் கடக்கிற தொழிலாளிக்கு ஆடம்பரத்தைப் பற்றி உபதேசிப்பது அநியாயம். ஆயினும் அவருக்குத்தான் கணக்கு மிகக் கொடுமையாக விழுகிறது. ஆண்டு வருமானம் 24,000 வெள்ளி இருந்தால் அட்டை பெறலாம். 36,000 வெள்ளிக்கு மேற்படாத வருமானம் உடையவர் இரண்டு வங்கிகளிடம் மட்டுமே அட்டை வைத்திருக்கலாம், ஒவ்வொன்றின் வரம்பும் மாதச் சம்பளத்தைப்போல் இருமடங்குக்கு மேற்படக் கூடாது என்று 2011இல் பேங்க் நெகாரா விதித்தது. மாதம் 2,000 வெள்ளி சம்பாதிக்கிறவர் விதிக்கு உட்பட்டே 8,000 வெள்ளிக் கடனாளி ஆகலாம் என்பதே இதன் பொருள். அந்தக் கடனுக்குக் குறைந்தபட்சத் தொகை 400 வெள்ளி, சம்பளத்தில் ஐந்தில் ஒரு பங்கு. அதில் 100 வெள்ளி வட்டி. ஊழியர் சேமநிதிக்கு 220 வெள்ளி பிடித்தபின் கைக்கு வரும் பணத்தில் இதையும் கொடுத்துவிட்டு எஞ்சியதில் குடும்பம் நடத்த முடியாமல், மூன்றாம் வாரத்தில் அதே அட்டையை மீண்டும் நீட்டுகிறார். கட்டிய 400 திரும்பவும் கடனாகிறது. வட்டி மட்டும் மிஞ்சுகிறது. வருமானம் குறைந்தவருக்குக் குறைந்தபட்சத் தொகை துணை செய்கிறது என்ற வாதம், இந்தச் சுழலை ஒரு மாதத்துக்கு மட்டும் பார்க்கிறவர்களின் வாதம்.

நமது முன்னோர் இதைவிடக் கொடிய வறுமையில் இருந்தார்கள். 1960ஆம் ஆண்டில், வெள்ளைக்காரக் கம்பெனிகள் ரப்பர்த் தோட்டங்களைத் துண்டு போட்டு விற்க, பிறந்த மண்ணிலேயே வேலையும் வீடும் இழந்து பால்வெட்டுத் தொழிலாளர்கள் நின்ற வேளையில், இந்தியர் தலைவர் வீ. தி. சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்து, தோட்டந்தோட்டமாகச் சென்று, மாதம் பத்து வெள்ளி போடும்படி அவர்களை வேண்டினார். அந்தப் பத்துப் பத்து வெள்ளியால் சங்கம் தோட்டங்களையே விலைக்கு வாங்கியது. இன்று பிரிக்பீல்ட்ஸின் பிரதான வீதி அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. மாதம் பத்து வெள்ளி கொடுத்து நிலத்தில் பங்குதாரர் ஆனவர்களின் பேரப்பிள்ளைகள், மாதம் நூறு வெள்ளி வட்டியாகக் கொடுத்து ஒன்றுக்கும் பங்குதாரர் ஆகாமல் இருப்பதை நினைக்கும்போது என் நெஞ்சு பதறுகிறது.

இன்னொரு தவறான தைரியத்தையும் இங்கே சொல்லிவிட வேண்டும். திவாலானவர் என்று அறிவிப்பதற்கான கடன் எல்லை 2017இல் 30,000 வெள்ளியிலிருந்து 50,000 ஆகவும், 2021இல் ஒரு லட்சமாகவும் உயர்த்தப்பட்டதால், அதற்குட்பட்ட கடனுக்கு வங்கியால் ஒன்றும் செய்ய இயலாது என்று சிலர் எண்ணுகிறார்கள். அது தவறு; வங்கி வழக்குத் தொடுத்துத் தீர்ப்புப் பெறலாம். அதைக்கொண்டு சொத்தை ஜப்தி செய்யவும் வழி உண்டு.

ஆகையால் கிள்ளானிலும் பிரிக்பீல்ட்ஸிலும் செந்தூலிலும் இதை வாசிக்கிற குடும்பத்தார்க்கு என் வேண்டுகோள் இதுவே. இந்த மாதப் பட்டியல் வந்தவுடன், கணவனும் மனைவியும் ஒன்றாக உட்கார்ந்து, குறைந்தபட்சத் தொகை அச்சிடப்பட்ட வரியை விட்டுவிட்டு மொத்தக் கடன் அச்சிடப்பட்ட வரியைப் பாருங்கள். இந்த மாதம் எவ்வளவு கட்ட முடிகிறதோ அதை ஒரு தாளில் எழுதி, அடுத்த பட்டியல் குறைத்துக் கேட்டாலும் அந்தத் தொகையைக் குறைக்காதீர்கள். கடன் தீருமட்டும் அரிசிக்கும் எண்ணெய்க்கும் ரொக்கமே கொடுங்கள். இரண்டு அட்டைகள் இருந்தால், இரண்டுக்கும் குறைந்தபட்சத்தைக் கட்டிவிட்டு, மேற்கொண்டு கொடுக்க முடிகிற பணம் முழுவதையும் வட்டி அதிகமான அட்டைக்குக் கொடுங்கள். குறைந்தபட்சத்தையே கட்ட இயலாத நிலை வந்திருந்தால், நகையை எடுத்துக்கொண்டு அடகுக் கடைக்குப் புறப்படாமல், கடனைத் தீர்த்துத் தருகிறோம் என்று கட்டணம் கேட்கும் தரகர்களையும் நம்பாமல், 2006ஆம் ஆண்டில் பேங்க் நெகாரா நிறுவிய ஏ.கே.பி.கே. என்னும் கடன் ஆலோசனை, நிர்வாக முகமையை அணுகுங்கள். அவர்கள் உங்கள் வரவு செலவைப் பார்த்து, வங்கிகளோடு பேசி, ஒரே தவணையாகத் திருப்பிக் கட்டும் திட்டத்தை வகுத்துத் தருகிறார்கள்; அதற்குக் கட்டணம் வாங்குவதில்லை.