புதிய பிரதமர்: எதை எதிர்பார்க்கலாம், யாரிடம் கேட்கலாம்?

2022 நவம்பர் 24ஆம் தேதி டத்தோஸ்ரீ அன்வார் இப்ராஹிம் நாட்டின் 10ஆவது பிரதமராகப் பதவியேற்றார். 1998 செப்டம்பரில் துணைப் பிரதமர் பதவியிலிருந்து நீக்கப்பட்டவர், சிறைவாசங்களைக் கடந்து, 24 ஆண்டுகளுக்குப் பிறகு 75 வயதில் இந்த இடத்தை அடைந்திருக்கிறார். 'ரிஃபோர்மாசி' முழக்கம் எழுந்தபோது என் வயதுடையவர்கள் பிறக்கவே இல்லை. ஆனால், அவரைப் பிரதமராக்கிய தேர்தலில் நாங்களும் வாக்களித்தோம். வாக்களிக்கும் வயது 18ஆகக் குறைக்கப்பட்ட பிறகு நடந்த முதல் பொதுத் தேர்தல் இது. 2018இல் சுமார் 1 கோடியே 49 லட்சமாக இருந்த வாக்காளர் எண்ணிக்கை இம்முறை 2 கோடியே 11 லட்சத்தைத் தாண்டியது.

தேர்தலுக்குப் பிறகு நம் மக்களிடம் இரண்டு விதமான பேச்சைக் கேட்க முடிகிறது. பிரிக்பீல்ட்ஸ் உணவுக் கடை ஒன்றில் ஒரு பெரியவர், "இந்த ஒரு நாளுக்காகத்தான் இத்தனை வருஷமா ஓட்டுப் போட்டோம்" என்றார். கிள்ளான் லிட்டில் இந்தியாவில் துணிக்கடை வைத்திருக்கும் ஓர் அக்காவோ, "2018லயும் இப்படித்தான் சந்தோஷப்பட்டோம் தம்பி, ரெண்டு வருஷம்கூட நிக்கலையே" என்று கேட்டார். இருவர் சொல்வதிலும் உண்மை இருக்கிறது. ஆகவே, 'நம்பலாமா, கூடாதா' என்று கேட்பதைவிட, எந்த எதிர்பார்ப்பு யாருடைய அதிகாரத்தில் இருக்கிறது என்று பார்ப்பது பயன் தரும்.

முதலில் கணக்கைப் பார்ப்போம். நாடாளுமன்றத்தில் 222 இடங்கள். ஆட்சி அமைக்க 112 தேவை. பக்காத்தான் ஹராப்பானிடம் அப்போது இருந்தவை 82. தேசிய முன்னணியிடம் 30. இரண்டையும் கூட்டினால் சரியாக 112. சரவாக்கின் ஜி.பி.எஸ். 23, சபாவின் ஜி.ஆர்.எஸ். 6, வாரிசான் 3 ஆகியவை சேர்ந்ததால்தான் அரசுக்கு மூச்சுவிட இடம் கிடைத்தது. டிசம்பர் 16ஆம் தேதி இக்கூட்டணிகள் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. டிசம்பர் 19ஆம் தேதி நம்பிக்கைத் தீர்மானம் குரல் வாக்கெடுப்பில் நிறைவேறியது.

அமைச்சரவையைப் பற்றிய ஐயங்களுக்கும் இந்தக் கணக்குதான் காரணம். ஊழலை எதிர்த்துப் பிரச்சாரம் செய்த பிரதமரின் துணைப் பிரதமர்களில் ஒருவர், 2022இல் நீதிமன்றத்தில் 47 குற்றச்சாட்டுகளை எதிர்நோக்கியிருந்த டத்தோஸ்ரீ அகமட் ஸாஹிட் ஹமிடி. அவர் குற்றங்களை மறுத்துள்ளார். அப்போது தீர்ப்பு வந்திருக்கவில்லை. ஆனாலும், அந்த 30 இடங்கள் இல்லாமல் இந்த அரசு இல்லை என்பதை மக்கள் புரிந்துகொண்டுதான் முணுமுணுக்கிறார்கள். மற்றொரு முணுமுணுப்பு நம் சமூகத்துக்கே உரியது. 2018 அமைச்சரவையில் இந்திய அமைச்சர்கள் நால்வர் இருந்தனர். 2022 டிசம்பரில் அமைந்த அமைச்சரவையில் முழு அமைச்சராக இருந்தவர் மனிதவள அமைச்சர் வ.சிவகுமார் ஒருவரே. துணையமைச்சர்களாக சரஸ்வதி கந்தசாமியும் ராம்கர்ப்பால் சிங்கும் இருந்தார்கள்.

எண்ணிக்கை குறைந்தது வருத்தம்தான். ஆனால், நால்வர் இருந்த காலத்தில் எல்லாம் நடந்துவிட்டதா? 2018 தேர்தல் அறிக்கையில் பக்காத்தான் பல வாக்குறுதிகளை அளித்தது. ஜி.எஸ்.டி. வரி அவ்வாண்டு ஜூன் 1ஆம் தேதியே பூஜ்ஜியமானது. மாதம் 4,000 வெள்ளிக்குக் குறைவாகச் சம்பாதிப்பவர்கள் பி.டி.பி.டி.என். கடனைத் திருப்பிச் செலுத்துவதை ஒத்திவைக்கலாம் என்ற வாக்குறுதி நிறைவேறவில்லை. இந்தியர்களின் குடியுரிமை ஆவணச் சிக்கலை 100 நாட்களில் தீர்ப்போம் என்றார்கள். 60 வயதைக் கடந்த, சிவப்பு அடையாள அட்டை வைத்திருக்கும் 3,407 பேருக்கு நிபந்தனைகளுடன் குடியுரிமை வழங்கப்படும் என்று அன்றைய பிரதமர் துன் மகாதீர் அறிவித்தார். ஆனால், ஆவணமின்றி வளரும் பிள்ளைகளின் நிலைமை தொடர்ந்தது. 2020 பிப்ரவரியில் ஆட்சியே கவிழ்ந்தது.

இப்போது மூன்று எதிர்பார்ப்புகளை எடுத்துக்கொள்வோம்.

முதலாவது, மித்ரா. இந்திய சமூக உருமாற்றத்துக்காக ஆண்டுக்கு 10 கோடி வெள்ளி ஒதுக்கப்படும் இப்பிரிவின் நிதி குறித்து ஊழல் தடுப்பு ஆணையம் 2021இல் விசாரணை நடத்தியது. யாருக்கு, எதற்கு, எவ்வளவு கொடுக்கப்பட்டது என்ற பட்டியலை முழுமையாக வெளியிடப் புதிய சட்டம் தேவையில்லை. பிரதமர் உத்தரவிட்டால் போதும். இது நடக்கவில்லை என்றால் அதற்குக் கூட்டணியைக் காரணம் காட்ட முடியாது.

இரண்டாவது, குடியுரிமை. அடையாள அட்டை இல்லாத மாணவர் எஸ்.பி.எம். தேர்வுக்குப் பதிவதிலிருந்து உயர்கல்விக் கடன் பெறுவது வரை ஒவ்வொரு படியிலும் இடறுகிறார். விண்ணப்பங்கள் உள்துறை அமைச்சரிடம் செல்கின்றன. அந்தப் பொறுப்பு பிரதமரின் சொந்தக் கட்சியைச் சேர்ந்த டத்தோஸ்ரீ சைஃபுடின் நசுத்தியோனிடம் இருக்கிறது. விண்ணப்பங்களுக்குக் காலக்கெடு வைத்து முடிவு சொல்வது நிர்வாக வேலை. இதையும் கேட்டுப் பெற முடியும்.

மூன்றாவது, மெட்ரிகுலேஷன். கடினமானது இதுதான். 90 விழுக்காடு இடங்கள் பூமிபுத்ராக்களுக்கு, 10 விழுக்காடு மற்றவர்களுக்கு. 2019இல் மொத்த இடங்கள் 25,000இலிருந்து 40,000ஆக உயர்த்தப்பட்டபோதும் அந்த விகிதம் மாறவில்லை. கல்வி அமைச்சர் ஃபட்லினா சிடேக் கெஅடிலான் கட்சியைச் சேர்ந்தவர்தான். ஆனால், விகிதத்தில் கைவைக்க அம்னோவின் ஒப்புதல் வேண்டும். தேர்தலில் 73 இடங்களை வென்று, பிறகு பாடாங் செராயையும் கைப்பற்றிய பெரிக்காத்தான் நேஷனல் அதை உடனே அரசியலாக்கும். ஆகவே, விகிதம் இந்தத் தவணையில் மாறும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. ஆனால், தேர்வு முறையை வெளிப்படையாக வைக்கலாம். விண்ணப்பித்து நிராகரிக்கப்பட்ட மாணவருக்குக் காரணத்தைச் சொல்லலாம். நல்ல புள்ளிகள் எடுத்தும் காரணம் தெரியாமல் எஸ்.டி.பி.எம். வகுப்புக்கோ தனியார் கல்லூரிக்கோ போனவர்கள் நம் ஒவ்வொருவரின் நட்பு வட்டத்திலும் இருக்கிறார்கள்.

துணிக்கடை அக்காவின் அச்சத்துக்கும் ஒரு பதில் உண்டு. கட்சித் தாவல் தடைச் சட்டம் 2022 அக்டோபர் 5ஆம் தேதி நடப்புக்கு வந்துவிட்டது. தனி உறுப்பினர் கட்சி மாறினால் பதவி பறிபோகும். எனினும், ஒரு கட்சியே கூட்டணி மாறினால் இச்சட்டம் தடுக்காது. எனவே, ஆட்சி முன்பைவிடப் பாதுகாப்பாக இருக்கிறது. முழுப் பாதுகாப்பு இல்லை.

மாணவர்களான நாம் செய்யக்கூடியது என்ன? 2022 அக்டோபர் 7ஆம் தேதி தாக்கலான 2023 வரவு செலவுத் திட்டம், நாடாளுமன்றம் கலைக்கப்பட்டதால் நிறைவேறவில்லை. புதிய அரசு 2023இல் தனது திட்டத்தைத் தாக்கல் செய்தது. அதில் மித்ராவுக்கும் தமிழ்ப்பள்ளிகளுக்கும் என்ன இருந்தது என்று படியுங்கள். 2023 மார்ச் முதல் வாரத்தில் இந்த அரசுக்கு 100 நாட்கள் நிறைந்தன. அதற்குள் மேற்சொன்ன மூன்றில் எது நகர்ந்தது என்று பாருங்கள். நகராதவற்றை உங்கள் தொகுதி நாடாளுமன்ற உறுப்பினரிடம் எழுத்து மூலம் கேளுங்கள். உங்களுக்கு 18 வயது நிறைந்திருந்தால், அடுத்த தேர்தலில் அவர் உங்களிடமும் வாக்குக் கேட்டு வரவேண்டியவர்.