கணக்கேடும் காப்புநகலும்

தமிழ் நூல்களின் வரலாறு ஒரு வகையில் படியெடுத்தோரின் வரலாறே எனலாம். ஓலைச்சுவடியின் ஆயுள் வரம்புடையது. கறையானும் ஈரமும் நெருப்பும் அவ்வரம்பிற்கு முன்பே அதனை அழித்துவிடும். ஆகவே, ஏடு பழுதுறுமுன் மற்றோர் ஏட்டில் பெயர்த்தெழுதும் வழக்கத்தை நம் முன்னோர் போற்றினர். படியெடுக்கப்பட்டவை வாழ்ந்தன, ஏனையவை மறைந்தன. இஸ்லாமியத் தமிழ் இலக்கியங்களுள் காலத்தால் முற்பட்டதெனக் கருதப்படும் பல்சந்தமாலை முழுமையாக நமக்குக் கிடைக்கவில்லை. களவியற் காரிகையின் உரையில் மேற்கோளாக இடம்பெற்ற 8 பாடல்களே எஞ்சின. முத்தொள்ளாயிரத்தையும் பெரும்பாலும் புறத்திரட்டு என்னும் தொகைநூலின் வழியாகவே நாம் அறிகிறோம். மூலம் அழிந்தபோதும் வேறோரிடத்தில் இருந்த படி வாழ்ந்தது.

இவ்வுண்மை இலக்கியத்திற்கு மட்டும் உரியதன்று. இன்றைய நம் கடைத்தெருவிற்கும் உரியது. ஒரு தலைமுறைக்கு முன்னர் கடைதோறும் குறிப்பேடும் பேரேடும் இருந்தன. கணக்குப்பிள்ளையின் கையெழுத்தே வணிகத்தின் நினைவாற்றலாக விளங்கியது. இன்று அந்த நினைவு கணிப்பொறிக்குள் குடிபுகுந்துவிட்டது. டேலி போன்ற மென்பொருளில் பற்றுவரவு. அச்சகத்தில் வாடிக்கையாளரின் அச்சுப்படிவங்கள். ஒளிப்பட நிலையத்தில் திருமணப் படங்கள். இரத்தப் பரிசோதனை நிலையத்தில் நோயாளிகளின் முடிவுகள். இவையனைத்தும் பல இடங்களில் ஒரே கணிப்பொறியின் ஒரே வன்தட்டில் உறைகின்றன. அவ்வன்தட்டு ஒருநாள் பழுதுறும் என்பது உறுதி. எந்நாள் என்பதே தெரியாதது.

கணிப்பொறி போனால் மற்றொன்றை வாங்கிவிடலாம். யார் எவ்வளவு தரவேண்டும், யாருக்கு எவ்வளவு தரவேண்டும் என்னும் கணக்கு போனால் எந்தக் கடையில் போய் வாங்குவது? கடன் சொல்லி வாங்கிச் சென்றவரின் நினைவும் கடன் கொடுத்தவரின் நினைவும் ஒன்றுபோல் இருப்பதில்லை. அங்கே பொருளிழப்போடு மனவருத்தமும் தொடங்குகிறது. பல்லாண்டு உறவு ஒரு தொகையின் பொருட்டு முறிகிறது. கணக்கு என்பது வணிகரின் உடைமை மட்டுமன்று. பிறர் அவரிடம் ஒப்படைத்த அடைக்கலப்பொருளும் ஆகும்.

இயற்கையின் சீற்றம் முன்னறிவித்து வருவதில்லை. 2015 டிசம்பரில் அடையாறு கரைபுரண்டபோது சென்னையின் தாழ்வான பகுதிகளில் தரைத்தளங்கள் நீரில் மூழ்கின. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது அம்பத்தூர்த் தொழிற்பேட்டையின் சிறுதொழிற்கூடங்களில் வெள்ளம் புகுந்தது. அதே திங்களில், 18ஆம் நாள் காலையுடன் முடிந்த 24 மணி நேரத்தில், காயல்பட்டினத்தில் 95 செ.மீ. மழை கொட்டித் தீர்த்தது. இத்தகைய வெள்ளத்தில் மேசைமேல் கணிப்பொறியும், அதே மேசையின் இழுப்பறையில் காப்புநகல் வைத்த தட்டும் இருக்குமாயின், இரண்டும் சேர்ந்தே நனையும். ஓர் ஓலையின் படியை அதே பரணில் வைத்தவனுக்குக் கறையான் இரண்டையும் ஒருங்கே தின்ற கதைதான் இது.

மழை மட்டுமே பகையன்று. 2017 மே 12ஆம் நாள் வான்னாகிரை என்னும் தீநிரல் உலகெங்கும் பரவியது. ஏறத்தாழ 150 நாடுகளில் 2 இலட்சத்திற்கும் மேற்பட்ட கணிப்பொறிகளை அது தாக்கியது. கோப்புகளைப் பூட்டி வைத்துக்கொண்டு, திறப்பதற்கு 300 டாலர் மதிப்புள்ள பிட்காயினைக் கேட்டது. கணிப்பொறியோடு இணைந்திருந்த வெளித்தட்டுகளையும் அது விட்டுவைக்கவில்லை. எனவே, எந்நேரமும் செருகியே வைத்திருக்கும் காப்புநகல் திருடனுக்கு முன்னால் திறந்து வைத்த பெட்டியை ஒக்கும். படியெடுத்த பின்னர் தட்டைக் கழற்றி வைத்தல் இன்றியமையாதது.

“எல்லாம் மேகக் கணிமையில் இருக்கிறது, நமக்கேன் கவலை?” என்பார் உளர். மேகம் என்பது உருவகமே. உண்மையில் அது பிறிதோர் ஊரில் உள்ள கட்டடமும் அதிலுள்ள கணிப்பொறிகளுமே ஆகும். பிரான்சு நாட்டின் ஸ்ட்ராஸ்பூர்க் நகரில் ஓ.வி.எச். நிறுவனத்தின் தரவு மையம் ஒன்று 2021 மார்ச் 10ஆம் நாள் தீக்கிரையாயிற்று. வேறிடத்தில் படி வைத்திருந்தோர் மீண்டெழுந்தனர். அதே வளாகத்தையே முற்றும் நம்பியிருந்தோருள் பலர் தம் தரவை இழந்தனர். மேலும், கைப்பேசியும் கணிப்பொறியும் தாமாகவே ஒத்திசைந்துகொள்ளும் ஏற்பாட்டைக் காப்புநகல் என எண்ணுதல் பிழை. ஓரிடத்தில் தவறி அழித்தது மறு இடத்திலும் அழிந்துபோகும்.

இனி, நாம் முதன்மையாக வலியுறுத்த விழைவது ஒன்றுண்டு. நகல் எடுத்தல் பாதி வேலையே. அந்நகலிலிருந்து மீட்டுப் பார்த்தலே மறுபாதி. மென்பொருள் வல்லுநர்களின் நிறுவனமாகிய கிட்லாபில் 2017 சனவரி 31ஆம் நாள், பணியாளர் ஒருவர் தவறுதலாக முதன்மைத் தரவுத்தளத்தையே அழித்துவிட்டார். காப்பு ஏற்பாடுகள் பல அங்கே இருந்தன. ஆயினும், நாள்தோறும் படியெடுக்க வேண்டிய ஏற்பாடு பிழைபட்டு, படி இருக்கவேண்டிய இடம் வெறுமையாய்க் கிடந்தது. பிழையை அறிவிக்க வேண்டிய மின்னஞ்சலும் உரியவரைச் சென்றடையவில்லை. 6 மணி நேரத்திற்கு முன் வேறொரு பணிக்காக ஒருவர் எடுத்து வைத்திருந்த படியே அவர்களைக் காத்தது. வல்லுநர் நிலையே இஃதெனின், நம் கடைகளின் நிலையைச் சொல்லவும் வேண்டுமோ? மீட்டுப் பார்க்காத நகல் ஏட்டுச் சுரைக்காயே, கறிக்கு உதவாது.

செய்யத்தக்கது யாது? அமெரிக்க ஒளிப்படக் கலைஞர் பீட்டர் குரோக் தம் துறையினர்க்கெனப் பரப்பிய 3-2-1 என்னும் விதி எளிமையானது. தரவு மூன்று படிகளாக இருத்தல் வேண்டும். அவை இருவகைச் சாதனங்களில் இருத்தல் வேண்டும். அவற்றுள் ஒன்றேனும் வேறிடத்தில் இருத்தல் வேண்டும். ஒரு மருந்துக்கடைக்கு இதனைப் பொருத்திப் பார்ப்போம். கடைக் கணிப்பொறியில் ஒன்று. இரவு கடையடைக்கும்போது படியெடுத்து, கழற்றி, வீட்டிற்கு எடுத்துச் செல்லும் வெளித்தட்டில் ஒன்று. இணையவழிச் சேமிப்பில் ஒன்று. திங்கட்கு ஒருமுறை வேறொரு கணிப்பொறியில் அதனைத் திறந்து, சென்ற வாரத்துப் பட்டியல் ஒன்றையும் ஒரு வாடிக்கையாளரின் நிலுவையையும் சரிபார்த்தல் வேண்டும். இதற்கு அரைமணி நேரம் போதும்.

உரிமையாளர் தம்மையே கேட்டுக்கொள்ள வேண்டிய வினாக்கள் இரண்டு. எத்தனை நாள் கணக்கை இழந்தால் தாங்குவோம்? எத்தனை நாள் கடை நின்றால் தாங்குவோம்? முதல் வினாவின் விடை எத்தனை நாளுக்கு ஒருமுறை படியெடுப்பது என்பதைக் கூறும். இரண்டாவதன் விடை மாற்றுக் கணிப்பொறிக்கும் பழுதுபார்ப்பவருக்கும் முன்கூட்டியே ஏற்பாடு வேண்டுமா என்பதைக் கூறும்.

சிறு கடைக்கு இவ்வளவு தேவையா என வினவலாம். பெரிய நிறுவனம் அடிபட்டால் தாங்கி எழ முதலும் ஆளும் உண்டு. சிறு வணிகர்க்கு அவை இல்லை. எனவே காப்பு அவர்க்கே மிகுதியும் தேவை. சட்டமும் இதனை வற்புறுத்துகிறது. ஜி.எஸ்.டி. சட்டப்படி பதிவுபெற்ற வணிகர், ஆண்டறிக்கை அளிக்கவேண்டிய கடைசி நாளிலிருந்து 72 மாதங்கள் முடியும் வரை கணக்குகளைப் பேணுதல் வேண்டும்.

பலரும் மறக்கும் செய்தி ஒன்றையும் ஈண்டுக் குறித்தல் தகும். நகல் இருந்தும் கடவுச்சொல் உரிமையாளர் ஒருவருக்கே தெரியுமாயின், அவர் நோய்வாய்ப்படும் நாளில் அது பூட்டிய பெட்டியாகவே கிடக்கும். கடவுச்சொற்களைத் தாளில் எழுதி, உறையிலிட்டு, நம்பிக்கைக்குரிய குடும்பத்தாரிடம் ஒப்படைத்தல் நன்று. நகலில் பிறருடைய செய்திகளும் உள்ளமையின், தட்டு களவுபோயினும் அயலார் திறக்க இயலாதவாறு அதனைப் பூட்டி வைத்தலும் கடமை.

மாணவச் செல்வங்களுக்கு நம் வேண்டுகோள் இது. உங்கள் தந்தையார் கடையிலோ, மாமா, சாச்சா கடையிலோ கணிப்பொறி இருக்கும். இவ்விடுமுறையில் அங்குச் சென்று, “காப்புநகல் எங்கே இருக்கிறது? கடைசியாக எப்போது திறந்து பார்த்தீர்கள்?” என்று பணிவோடு கேளுங்கள். விடை தயங்கி வருமாயின், அன்றைக்கே உடனிருந்து ஒரு படியெடுத்துக் கொடுங்கள். பெரியோர்களும் பிள்ளைகளின் இவ்வினாவைக் குறுக்கீடாகக் கருதாது வரவேற்றல் வேண்டும். ஏடு பெயர்த்தெழுதியோரின் உழைப்பால் தமிழ் நமக்குக் கிடைத்தது. அவ்வுழைப்பில் ஒரு சிறு பங்கை நம் கணக்கேடுகளுக்கும் அளிப்போமாக!