திரும்பப் படிக்கத் தெரியுமா?

சென்ற ஞாயிற்றுக்கிழமை காலையில் என் பழைய மாணவி ஒருத்தி தன் தகப்பனாருடன் வீட்டுக்கு வந்திருந்தாள். பி.காம். தேறியிருக்கிறாள். கோர்ட்டில் ஸ்டெனோ உத்தியோகம் பார்க்க வேண்டும் என்பது அவள் ஆசை. தகப்பனார் மூன்று சுருக்கெழுத்துப் பள்ளிகளின் நோட்டீசுகளை மேஜைமேல் பரப்பி, "ஸார், நீங்கள் சொல்லுகிற இடத்தில் சேர்த்துவிடுகிறேன்" என்றார்.

முதல் நோட்டீசு, ஆறே மாதத்தில் உத்தியோகம் நிச்சயம் என்றது. இரண்டாவது, வகுப்பறைக்குக் குளிர்சாதன வசதி உண்டு என்றது. மூன்றாவதில் விலாசத்தையும் வகுப்பு நேரத்தையும் தவிர வேறொன்றும் இல்லை. அதன்மேல் எனக்குச் சிறிது அபிமானம் உண்டாயிற்று. ஆனால் நோட்டீசைப் பார்த்து அபிமானம் கொள்வது எத்தனை அபாயம் என்பதை நான் சொந்தச் செலவில் கற்றுக்கொண்டவன்.

என் இருபதாவது வயதில், வாத்தியார் வேலை அகப்படுவதற்கு முன், நானும் இரண்டு வருஷம் சுருக்கெழுத்துப் படித்தேன். எங்கள் பள்ளியில் பயிற்சிப் புத்தகம் ஒன்றே ஒன்றுதான். அதிலிருந்த பகுதிகளையே திரும்பத் திரும்பப் படிப்பார்கள். இரண்டாம் மாதத்திலேயே அடுத்த வாக்கியம் என்னவென்று எங்கள் கைக்குத் தெரிந்துவிடும். நிமிஷத்துக்கு 100 வார்த்தை எழுதுகிறோம் என்று மார்தட்டிக்கொண்டோம். பிறகு ஒரு காரியாலயத்தில் பரீட்சைக்குப் போனேன். அங்கிருந்த அதிகாரி அன்றைய பத்திரிகையை எடுத்து ஒரு பத்தியைப் படித்தார். என் கை ஓடத்தான் ஓடியது. ஆனால் பெயர்த்து எழுத உட்கார்ந்தபோது, பக்கம் முழுவதும் கோழி கிளறிய மண்போல இருந்தது. அந்த இரண்டு வருஷத்தை யாரும் எனக்குத் திருப்பித் தரவில்லை.

1837-ம் வருஷத்தில் ஐஸக் பிட்மன் வெளியிட்ட முறைதான் இன்றும் நம் நாட்டுப் பள்ளிகளில் பெரும்பாலும் வழங்குகிறது. அது எழுத்தைப் பாராமல் ஒலியை எழுதுகிற முறை. 'பேனா'வின் முதல் ஒலிக்கும் 'பஸ்'ஸின் முதல் ஒலிக்கும் தமிழில் ஒரே 'ப'தான். பிட்மனிடமோ முன்னதற்கு மெல்லிய கோடு, பின்னதற்கு அதே கோடு அழுத்தமாக. உயிரொலிகளுக்குப் புள்ளியும் சிறு கீற்றும் உண்டு. ஆனால் வேகம் ஏற ஏற அவற்றைப் போட அவகாசம் இராது. விடுபட்ட உயிர் இன்னதென்பதை, வார்த்தை கோட்டுக்கு மேலே நிற்கிறதா, கோட்டின்மேல் நிற்கிறதா, கோட்டை ஊடுருவி நிற்கிறதா என்பதைக் கொண்டு ஊகிக்க வேண்டும். ஆகையால் எழுதுவது பாதி வித்தைதான். எழுதியதைத் திரும்பப் படிப்பது மறுபாதி. பல பள்ளிகள் முதல் பாதிக்கு மட்டும் சம்பளம் வாங்கிக்கொண்டு அனுப்பிவிடுகின்றன.

அமெரிக்காவில் கோர்ட்டு நிருபர், பல விசைகளைச் சேர்த்து அழுத்தும் ஸ்டெனோடைப் இயந்திரத்தில், சாட்சியும் வக்கீலும் பேசும் ஒவ்வொரு வார்த்தையையும் பதிவு செய்கிறார். அவர்களுடைய சங்கத்தின் பரீட்சையில் கேள்வி-பதில் பகுதிக்கு நிமிஷத்துக்கு 225 வார்த்தை வேகம். 95 சதவிகிதம் பிழையின்றி இருக்க வேண்டும். நம் கோர்ட்டுகளில் பெரும்பாலும் ஜட்ஜ் சொல்லுவதை எழுதுவதுதான் ஸ்டெனோவின் வேலை. மத்திய அரசின் ஸ்டாஃப் செலக்‌ஷன் கமிஷன் நடத்தும் ஸ்டெனோ பரீட்சையில் 'டி' பிரிவுக்கு 80, 'சி' பிரிவுக்கு 100 வார்த்தை வேகத்தில் 10 நிமிஷம் படிப்பார்கள். எண்ணைப் பார்த்து அலட்சியம் செய்ய வேண்டாம். ஜட்ஜ் பரீட்சைக்காரரைப் போல ஒரே சீராகப் பேசமாட்டார். நிறுத்துவார், பாய்வார், "அந்த வரியை அடித்துவிடுங்கள்" என்பார். ஒரு சர்வே நம்பர் தவறினால் ஒரு குடும்பத்தின் நிலம் ஆட்டம் காணும்.

"பின்னே எப்படித்தான் பார்த்துச் சேர்ப்பது?" என்றார் தகப்பனார்.

முன்னறிவிப்பின்றி மாலை வகுப்புக்குப் போய்ப் பின் பெஞ்சில் உட்காருங்கள் என்றேன். ஆசிரியர் தம் வாயால் படிக்கிறாரா, அல்லது செல்போனில் பதிந்து வைத்ததை ஓடவிட்டு வெளியே போய்விடுகிறாரா? படிப்பது புதிய பகுதியா, மனப்பாடமான பழையதா? பெயர்த்து எழுதியதைச் சிவப்பு மசியால் திருத்துகிறார்களா? முக்கியமாக, ஒரு பிள்ளையின் போன வார நோட்டைப் பிரித்து வாசிக்கச் சொல்லுங்கள். தமிழ்ச் சுருக்கெழுத்தும் உண்டா என்று கேளுங்கள். உயர் நீதிமன்றத்தில் ஆங்கிலம்தான் என்றாலும், நம் கீழ்க்கோர்ட்டுகளில் தமிழில்லாமல் காரியம் நடவாது. தொழில்நுட்பக் கல்வி இயக்ககத்தின் பரீட்சைக்குப் பிள்ளைகளை அனுப்புகிறார்களா என்றும் விசாரியுங்கள்.

அந்தப் பெண் அதுவரை பேசவில்லை. இப்போது, "ஸார், இனிமேல் இயந்திரமே எழுதிவிடும் என்கிறார்களே?" என்று கேட்டாள்.

நியாயமான கேள்வி. 2023 பிப்ரவரியில் சுப்ரீம் கோர்ட்டின் அரசியல் சாசன பெஞ்சில் நடந்த வாதங்களைச் செயற்கை அறிவுக் கருவி எழுத்தில் பெயர்த்தது. இந்தத் தொழில் உன் ஆயுசு முழுவதும் இப்படியே இருக்கும் என்று நான் வாக்குக் கொடுக்க முடியாது என்றேன். இயந்திரம் எழுதியதையும் ஒருவர் காதால் கேட்டுச் சரிபார்க்கத்தான் வேண்டும். அதற்கும் மொழியறிவு வேண்டும். வெறும் கைவேகத்தை மட்டும் விற்கிற பள்ளியில் சேராதே என்றேன். அவள் முகம் சிறிது வாடியது. இருந்தாலும் மறைப்பதற்கு மனம் வரவில்லை.

மறுநாள் மாலை மூவரும் அந்த மூன்றாவது பள்ளிக்குப் போனோம். மாடியில் ஒரு நீண்ட அறை, மின்விசிறி முனகிக்கொண்டிருந்தது. ஐம்பது வயது மதிக்கத்தக்க அம்மாள் ஒருவர் நின்றபடி ஒரு ஜாமீன் உத்தரவைப் படித்தார். முடிந்ததும் ஒரு பையனை எழுப்பி வாசிக்கச் சொன்னார். அவன் கடகடவென்று வாசித்து, "மனு அனுமதிக்கப்படுகிறது" என்று முடித்தான்.

"தம்பி, ஜட்ஜ் விடாத ஆளை நீ ஜாமீனில் விட்டுவிட்டாயே!" என்றார் அம்மாள். வகுப்பு சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. அருகில் போய், எந்தக் கோடு எங்கே பிசகியது என்று அவன் நோட்டிலேயே விரலை வைத்துக் காட்டினார்.

தகப்பனார் பணப்பையை எடுத்தார். "இப்போது வேண்டாம். ஒரு வாரம் வந்து உட்காரட்டும், பிறகு மாதாமாதம் கொடுத்தால் போதும்" என்றார் அந்த அம்மாள். திரும்பிப் பார்த்தால், அந்தப் பெண் பின் பெஞ்சில் யாரிடமோ பென்சில் இரவல் வாங்கிக்கொண்டிருந்தாள்.