முதல் வடிகட்டி எது? பாறசாலை வானத்தை முன்வைத்து

வானியல் ஒளிப்படத்துக்காக மோனோ கேமரா வாங்கும் கல்லூரித் துறைகளும் மாணவர் குழுக்களும், கேமராவைத் தேர்வதில் காட்டும் அக்கறையை அதன் முன் பொருத்தும் நிறவடிகட்டிகளைத் தேர்வதில் பெரும்பாலும் காட்டுவதில்லை. ஏழு வடிகட்டிகள் கொண்ட தொகுதி ஒன்றை வாங்கிவிடுவது வழக்கமாகியிருக்கிறது. ஒளிர்மை, சிவப்பு, பச்சை, நீலம் என்னும் அகலப்பட்டைகள் நான்கு. ஹைட்ரஜன், ஆக்சிஜன், கந்தகம் ஆகியவற்றுக்கான குறும்பட்டைகள் மூன்று. எல்லா ஊர் வானத்துக்கும் இது பொது என்பது எண்ணம். கேரளத்தின் தென்கோடியில், நெய்யாற்றின்கரைக்கும் பாறசாலைக்கும் இடைப்பட்ட எல்லையோரச் சிற்றூர்களுக்கு அந்த எண்ணம் பொருந்தாது. அங்கே முதலில் வாங்க வேண்டியது தரமான ஒரு ஹைட்ரஜன்-ஆல்ஃபா வடிகட்டி; இரண்டாவது, ஒளியளவியலுக்கான ஜான்சன் 'வி' வடிகட்டி. வண்ணப்படத்துக்கானவை அவற்றுக்குப் பின்னரே வர வேண்டும்.

மோனோ கேமராவின் உணரிக்கு நிறம் தெரியாது. தன்மீது விழும் ஃபோட்டான்களைப் பதிவதே அதன் வேலை. வண்ணக் கேமராவிலோ ஒவ்வொரு படப்புள்ளியின் மீதும் ஒரு நுண்வடிகட்டி நிலையாக ஒட்டப்பட்டிருக்கும். நான்கு புள்ளிகளில் இரண்டு பச்சைக்கும், ஒன்று சிவப்புக்கும், ஒன்று நீலத்துக்கும் உரியவை. ஆகவே நெபுலாக்களின் ஹைட்ரஜன் உமிழும் 656.3 நானோமீட்டர் செவ்வொளியை நான்கில் ஒரு புள்ளியே முறையாகப் பெறும். மோனோ கேமராவில் எல்லாப் புள்ளிகளும் அதைப் பெறும். எந்த ஒளியைப் பெறுவது என்ற முடிவு மட்டும் பயன்படுத்துபவரிடம் விடப்படுகிறது. அம்முடிவை எடுக்க, ஊர் எங்கே இருக்கிறது, வானம் எப்படி இருக்கிறது என்ற இரண்டையும் முதலில் பார்க்க வேண்டும்.

பாறசாலை நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஏறத்தாழ 8.3 பாகையில் இருக்கிறது. துருவ விண்மீன் அங்கே தொடுவானத்திலிருந்து எட்டு பாகை உயரத்தில்தான் நிற்கும். தென்னையும் ரப்பரும் சூழ்ந்த முற்றங்களிலிருந்து அதைக் காண்பது அரிது. வடக்கில் இழப்பதைத் தெற்கு ஈடுசெய்கிறது. வான நடுவரைக்கு ஏறத்தாழ 60 பாகை தெற்கே உள்ள கரைனா நெபுலா லண்டனில் உதிப்பதே இல்லை. தில்லியில் இரண்டு பாகைகூட உயர்வதில்லை. பாறசாலையில் அது 22 பாகை உயர்கிறது. மார்ச் முதல் வாரத்தில் நள்ளிரவையொட்டி உச்சிவட்டத்தைக் கடக்கிறது. இரு பருவமழைகளையும் பெறும் இந்நிலத்தில் ஜனவரி முதல் மார்ச் வரைதான் வானம் பெரிதும் தெளிந்திருக்கும். நெபுலா உயரும் காலமும் வானம் தெளியும் காலமும் இப்படி ஒன்றுகூடுகின்றன. வடமேற்கில் திருவனந்தபுரத்தின் ஒளியும் கிழக்கில் மார்த்தாண்டத்தின் ஒளியும் இருந்தாலும், தெற்கே பத்துக் கிலோமீட்டர் அளவில் கடல் தொடங்கிவிடுவதால் அத்திசை ஓரளவு இருண்டிருக்கிறது.

ஆனால் 22 பாகை உயரத்திலுள்ள பொருளின் ஒளி, தலைக்கு நேர்மேலே உள்ள பொருளின் ஒளியைப் போல் சுமார் 2.7 மடங்கு காற்றைக் கடந்து வர வேண்டும். காற்று மூலக்கூறுகளால் நிகழும் சிதறல் அலைநீளத்தின் நான்காம் அடுக்குக்கு எதிர்விகிதத்தில் அமைகிறது. எனவே 450 நானோமீட்டர் நீல ஒளி, 656 நானோமீட்டர் சிவப்பைவிட ஏறத்தாழ நாலரை மடங்கு அதிகமாகச் சிதறுகிறது. அயனியாகிய ஆக்சிஜனின் 500.7 நானோமீட்டர் வரியும் மூன்று மடங்கு சிதறுகிறது. கடலோர ஈரமும் உப்புத் துகள்களும் இழப்பைக் கூட்டுகின்றன. இவ்வூர்களின் தென்வானப் பொருள்களைப் பொறுத்தவரை, மிகக் குறைந்த சேதத்துடன் வந்து சேர்வது சிவப்பு.

தெருவிளக்குகளின் இயல்பும் மாறிவிட்டது. சோடியம் ஆவி விளக்கும் பாதரச விளக்கும் இருந்த காலத்தில் அவற்றின் ஒளி நிறமாலையின் சில பகுதிகளில் செறிந்திருந்தது. அப்பகுதிகளை மட்டும் தடுத்த பழைய ஒளிமாசு வடிகட்டிகள் ஓரளவு பயன் தந்தன. வெள்ளை எல்இடி அப்படியன்று. 450 நானோமீட்டரை ஒட்டிய நீல முகடும், ஒளிர்பொருள் தரும் 500 முதல் 700 நானோமீட்டர் வரையிலான அகன்ற மேடும் சேர்ந்ததே அதன் ஒளி. தடுத்து நிறுத்தத் தனி வரி எதுவும் அதில் இல்லை. கேரள உள்ளாட்சிகளின் தெருவிளக்குகளை எல்இடியாக மாற்ற 2021-இல் தொடங்கிய 'நிலாவு' திட்டம் மின்சிக்கனத்துக்கு நல்லது. அத்திட்டத்தின் பெயர் வானத்தைப் பொறுத்தவரை சொல்லுக்குச் சொல் மெய்யாகியிருக்கிறது: அமாவாசையிலும் நிலவொளி!

இந்நிலையில் குறும்பட்டை வடிகட்டி செய்யும் வேலையை எளிய கணக்கால் காணலாம். கட்புல நிறமாலை 400 முதல் 700 வரை 300 நானோமீட்டர் அகலமுள்ளது. அதில் சீராகப் பரவிய பின்னணி ஒளியில் 7 நானோமீட்டர் வடிகட்டி சுமார் 2.3 விழுக்காட்டையும், 3 நானோமீட்டர் வடிகட்டி 1 விழுக்காட்டையும் மட்டுமே உள்ளே விடும். நெபுலாவின் ஹைட்ரஜன் வரியோ பெரும்பாலும் குறையாமல் கடந்து வரும். பின்னணியே இரைச்சலுக்கு முதன்மைக் காரணமாக இருக்கும்போது, குறித்த தெளிவை எட்டத் தேவையான நேரம் பின்னணியின் அளவுக்கு நேர்விகிதத்தில் குறையும். 7 நானோமீட்டரில் ஏழு மணி நேரம் கேட்கும் படம் 3 நானோமீட்டரில் மூன்று மணி நேரத்தில் கிடைத்துவிடும். தெளிந்த இரவுகளை எண்ணிச் செலவிட வேண்டிய ஊருக்கு இது பெரிய ஆதாயம்.

அதற்காகக் கண்ணை மூடிக்கொண்டு கிடைப்பதிலேயே குறுகியதை வாங்குவதும் முறையாகாது. இவ்வடிகட்டிகள் ஒளியின் குறுக்கீட்டைப் பயன்படுத்தும் மென்படலங்களால் ஆனவை. கதிர் சாய்ந்து விழுந்தால் அவற்றின் பட்டை நீலப்பக்கம் நகரும். படலங்களின் சராசரி ஒளிவிலகல் எண்ணை 2 எனக் கொண்டால், எஃப்/7 தொலைநோக்கியின் விளிம்புக் கதிருக்கு இந்நகர்வு அரை நானோமீட்டருக்கும் குறைவு. எஃப்/5-இல் சுமார் 0.8; எஃப்/2-இல் 5 நானோமீட்டரைத் தொடும். ஆகவே எஃப்/5 முதல் எஃப்/7 வரையிலான சிறு ஒளிவிலகல் தொலைநோக்கிகளுக்கு 3 நானோமீட்டர் ஏற்றது. மிக வேகமான ஒளியியலுக்கு அகன்ற பட்டையோ, அதற்கெனவே நகர்த்தி வடிவமைத்த வடிகட்டியோ வேண்டும். இன்னொன்று: 658.3 நானோமீட்டரில் நைட்ரஜன் வரி ஒன்று உண்டு. 7 நானோமீட்டர் வடிகட்டி ஹைட்ரஜனோடு அதையும் சேர்த்தே பதியும். 3 நானோமீட்டர் பெரும்பாலும் விலக்கும். படத்தை அளவீடாகக் கருதுவோருக்கு இவ்வேறுபாடு முக்கியம். மலிவான படலங்கள் பொலிவான விண்மீன்களைச் சுற்றி ஒளிவட்டம் உண்டாக்குவதும் உண்டு. ஈரம் மிகுந்த இப்பகுதியில் பூஞ்சையையும் எண்ணிப் பார்த்தால், ஏழு சுமாரான கண்ணாடிகளைவிட, காற்றுப்புகாப் பெட்டியில் சிலிக்கா ஜெல்லோடு பேணப்படும் ஒரு நல்ல கண்ணாடி மேலானது.

ஒரே வரியில் வானத்தைப் பார்ப்பது குறைபட்ட பார்வை என்று கருதுவோர் கொடைக்கானலை நினைக்கலாம். 1899-இல் நிறுவப்பட்ட அந்தச் சூரிய ஆய்வகம், 20-ஆம் நூற்றாண்டின் முதற் பத்தாண்டிலிருந்து கால்சியத்தின் 393.4 நானோமீட்டர் வரியிலும், 1912 முதல் இதே 656.3 நானோமீட்டர் வரியிலும் சூரியனைப் படமெடுத்தது. வடிகட்டிக்குப் பதிலாக, நிறமாலையாகப் பிரித்த ஒளியில் ஒரு வரியை மட்டும் மெல்லிய பிளவின் வழியே எடுக்கும் கருவி அங்கே இருந்தது. ஒரே வரி, ஒரே முறை, நீண்ட தொடர்ச்சி ஆகிய மூன்றும் சேர்ந்ததால்தான் அந்தக் கறுப்பு வெள்ளைப் பதிவுகள், நூறாண்டுக் காலச் சூரியச் செயல்பாட்டை ஆராய்வோருக்கு இன்று அரிய தரவாக விளங்குகின்றன. பாறசாலைக்கு இன்னும் அருகிலும் இம்மரபு உண்டு. திருவனந்தபுரம் வானாய்வகம் சுவாதித் திருநாள் காலத்தில், 1837-இல் அமைந்தது. பின்னர் அதன் இயக்குநரான ஜான் ஆலன் பிரவுன், நெய்யாறு பிறக்கும் அகத்திய மலையின் உச்சியில் 1855-இல் ஓர் ஆய்வுநிலையம் அமைத்து, காந்தப்புலத்தையும் வானிலையையும் அளந்தார்.

இரண்டாவது வடிகட்டியாக 'வி'யைப் பரிந்துரைப்பதும் இந்த அளவீட்டு மரபை எண்ணியே. ஜான்சனும் மார்கனும் 1953-இல் வகுத்த முறையைச் சேர்ந்தது அது. 550 நானோமீட்டரை மையமாகக் கொண்டு சுமார் 90 நானோமீட்டர் அகலமுள்ளது. வண்ணப்படத் தொகுதியின் பச்சை வடிகட்டியும் ஏறத்தாழ அதே பகுதியையே பதியும். ஆனால் அதன் விளிம்புகள் நிறுவனத்துக்கு நிறுவனம் வேறுபடும். 'வி'யில் பதிந்த எண்ணை வேறொரு நாட்டில் 'வி'யில் பதிந்த எண்ணோடு ஒப்பிடலாம். ஒரே படத்திலுள்ள பொலிவெண் தெரிந்த விண்மீன்களோடு ஒப்பிட்டு மாறுவிண்மீனை அளக்கும் முறை, ஒளிமாசுள்ள வானிலும் பயன் தரும். 1911-இல் தொடங்கிய அமெரிக்க மாறுவிண்மீன் நோக்கர் சங்கம் உலகெங்குமுள்ள ஆர்வலர்களின் அளவீடுகளை இன்றும் ஏற்றுத் தொகுக்கிறது. எல்லையோரக் கல்லூரி மாணவர் ஒருவரின் பதிவும் ஆய்வாளர் பயன்படுத்தும் தரவாவதற்கு இதைவிட நேரான வழி இல்லை.

வண்ணம் இல்லாமல் இளையோரை ஈர்ப்பது எப்படி என்று கேட்கப்படும். நியாயமான கேள்வி. ஹப்பிள் தொலைநோக்கி 1995-இல் எடுத்த 'படைப்பின் தூண்கள்' படம் பலரை வானியலுக்கு அழைத்து வந்திருக்கிறது. ஆனால் அதுவும் கறுப்பு வெள்ளை உணரியில் மூன்று வரிகளில் தனித்தனியே பதிந்து, கந்தகத்துக்குச் சிவப்பும் ஹைட்ரஜனுக்குப் பச்சையும் ஆக்சிஜனுக்கு நீலமும் பின்னர் அளிக்கப்பட்ட படம். ஒவ்வொரு பதிவும் எதைச் சொல்கிறது என்று அறிந்த பிறகு நிறம் சேர்ப்பது கல்வி. அறியாமல் சேர்ப்பது ஒப்பனை. மூன்றாம் கட்டமாகச் சிவப்பு, பச்சை, நீல வடிகட்டிகளை வாங்கலாம். பாறசாலையில் 34 பாகை உயரும் ஒமேகா சென்டாரி போன்ற விண்மீன் கொத்துகள் அவற்றுக்கு உகந்தவை.

எந்த வடிகட்டியாலும் மீட்க முடியாதவையும் உண்டு. விண்மீன் மண்டலங்களின் ஒளியும் பால்வழியின் ஒளியும் எல்இடியைப் போலவே தொடர் நிறமாலை கொண்டவை. கண்ணாடித் துண்டால் அவற்றைப் பிரித்தெடுக்க இயலாது. குறும்பட்டையில் அழகிய நெபுலாப் படங்களைக் குவித்துவிட்டு, வானம் நன்றாகவே இருக்கிறது என்று ஒரு துறை நம்பத் தொடங்கினால் அது தன்னையே ஏமாற்றிக்கொள்வதாகும். 'வி' வடிகட்டி அந்த ஏமாற்றத்துக்கு மாற்று. நிலவற்ற இரவில், அதே திசையில், அதே முறையில் படமெடுத்தால், சதுர வில்நொடிக்கு வானத்தின் பொலிவு எவ்வளவு என்பதை விண்மீன்களைக் கொண்டே கணக்கிடலாம். 1956 நவம்பர் 1 முதல் பாறசாலையும் களியக்காவிளையும் இரு மாநிலங்களில் இருக்கின்றன. இரு பக்க விளக்குகளும் ஒரே வானத்தில்தான் சேர்கின்றன. லடாக்கின் ஹான்லே 2022-இல் இருள்வானக் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. மக்கள் நெருங்கி வாழும் பாறசாலைக்கு அது பொருந்தாது. ஆனால் மேல்நோக்கி ஒளி சிந்தாத மூடியும் நீலம் குறைந்த விளக்கும் கேட்க எந்த ஊருக்கும் உரிமை உண்டு. அதைக் கேட்டு இரு பக்க ஊராட்சிகளுக்கும் செல்லும் மனுவோடு, ஆண்டுதோறும் ஜனவரியில் அளந்த எண்களின் பட்டியல் ஒன்றும் இணைந்திருக்க வேண்டும். அந்தப் பட்டியலைத் தரக்கூடிய வடிகட்டி முதல் இரண்டில் ஒன்றாக இருப்பதே அறிவு.