பச்சை விளக்கை நம்பி வயலினைத் திருகாதீர்கள்

திருநெல்வேலி - சங்கரன்கோவில் சாலையில் உள்ள பனவடலிசத்திரம் என் சொந்த ஊர். விடுமுறையில் போனால், மூன்று நான்கு வீடுகளில் கம்ப்யூட்டரைக் காட்டி, “கொஞ்சம் பாருங்க தம்பி” என்பார்கள். சென்ற முறை நான் பார்க்க வேண்டி வந்தது ஒரு வயலினை.

அக்கா மகளுக்கு வயது பத்து. சங்கரன்கோவிலில் ஓர் ஆசிரியையிடம் கர்நாடக சங்கீத வயலின் கற்று வருகிறாள். வீட்டில் சுருதி சேர்க்க அக்கா ஒரு கிளிப் டியூனர் வாங்கிக் கொடுத்திருந்தாள். அதை வயலினின் தலையில் மாட்டி, வயலின் மோடுக்குப் போய், பச்சை விளக்கு எரியும் வரை பிருடையைத் திருகுவாள். “மாமா, நாலு கம்பிக்கும் பச்சை எரியுதுல்லா, பொறவு ஏன் டீச்சர் சுருதி சேரலைங்காங்க?” என்று கேட்டாள். தனக்குக் காது சரியில்லை என்று அவளே முடிவு செய்து, இனி வகுப்புக்குப் போக மாட்டேன் என்று அடம் வேறு.

காது நன்றாகத்தான் இருந்தது. டியூனரைத்தான் தவறாகத் தேர்ந்தெடுத்திருந்தார்கள்.

வயலின் ஐரோப்பாவிலிருந்து வந்த வாத்தியம். முத்துசாமி தீட்சிதரின் தம்பி பாலுசாமி தீட்சிதர் (1786-1858) சென்னையில் அதைக் கற்று நம் இசைக்குக் கொண்டு வந்தார். பின்னர் எட்டயபுரம் அரசவையில் வித்வானாக இருந்தார். எங்கள் ஊர்ப் பக்கம்தான். மேல்நாட்டில் நான்கு கம்பிகளையும் ஜி, டி, ஏ, இ என்று வைப்பார்கள். நாம் ச-ப-ச-ப என்று வைக்கிறோம். அந்த ‘ச’ எங்கே நிற்கும் என்பது பாடுபவரின் குரலைப் பொறுத்தது. ஒரு கட்டை என்றால் சி, இரண்டு கட்டை டி, ஐந்து கட்டை ஜி.

இவளுக்கு ஐந்து கட்டை. ஆகவே கம்பிகள் ஜி, டி, ஜி, டி என்று நிற்க வேண்டும். ஹெர்ட்ஸ் கணக்கில் 196, 294, 392, 587. ஆனால் டியூனரின் வயலின் மோடு, மூன்றாவது கம்பியை 440-க்கும் நான்காவதை 659-க்கும் இழுக்கச் சொல்கிறது. இரண்டும் ஒரு முழு ஸ்வரம் அதிகம். ச-ப-ச-ப வைக்க வேண்டிய இடத்தில் குழந்தை ச-ப-ரி-த வைத்திருக்கிறாள்! ஆசிரியை திட்டாமல் என்ன செய்வார்?

எனவே டியூனர் வாங்குபவர்களுக்கு நான் சொல்வது இதுதான். ‘கிட்டார்’, ‘வயலின்’, ‘யுகுலேலே’ என்று எத்தனை மோடு இருக்கிறது என்று பார்க்காதீர்கள். ‘குரோமாட்டிக்’ மோடு இருக்கிறதா என்று பாருங்கள். அது உங்கள் கம்பி எப்படி இருக்க வேண்டும் என்று தானாக முடிவு செய்யாது. பன்னிரண்டு ஸ்வரங்களில் எதற்கு அருகில் இருக்கிறது, எத்தனை சென்ட் கூட, குறைய என்று மட்டும் காட்டும். இரண்டு அடுத்தடுத்த ஸ்வரங்களுக்கு இடையே 100 சென்ட். அக்கா வாங்கிய டியூனரிலேயே இந்த மோடு இருந்தது. ஒரு பட்டனை அழுத்தினால் போதும், யாரும் அழுத்தவில்லை. அதே பட்டன்களில் ஒன்று 440-ஐ 442 ஆக மாற்றி விடும் என்பதால் அதையும் ஒரு பார்வை பாருங்கள்.

வீட்டில் கம்ப்யூட்டர் இருந்தால் தனியாக வாங்கவே தேவையில்லை என்பது என் கருத்து. லினக்ஸ் வைத்திருப்பவர்களுக்கு ‘லிங்காட்’ என்ற இலவச புரோகிராம் இருக்கிறது. ‘இது கிட்டாருக்கு மட்டுமான டியூனர் அல்ல’ என்பதன் சுருக்கமே அதன் பெயர்! விண்டோஸில் ‘ஆடாசிட்டி’யை இலவசமாக இன்ஸ்டால் செய்து, ஜெனரேட் மெனுவில் டோன் என்பதைக் கிளிக் செய்து, 392 என்று கொடுத்தால் உங்களுக்கு வேண்டிய ‘ச’ ஒலிக்கும். அதைக் கேட்டுக் கொண்டே கம்பியைச் சேர்க்கலாம்.

மைக் மூலம் டியூனர் பயன்படுத்தும்போது முள் கண்டபடி ஆடுகிறதா? புரோகிராமைக் குறை சொல்லாதீர்கள். ஒரே சீராக வரும் ஒலியை மின்விசிறிச் சத்தம் என்று நினைத்து அழிக்கும் வசதி பல லேப்டாப்களில் உண்டு. வில்லால் இழுத்த கம்பியும் சீரான ஒலிதானே? விண்டோஸ் 11-ல் செட்டிங்ஸ், சிஸ்டம், சவுண்ட் என்று சென்று, மைக்கைத் தேர்ந்தெடுத்து, ஆடியோ என்ஹான்ஸ்மென்ட்ஸ் என்பதை ஆஃப் செய்திடுங்கள். நிஜ மின்விசிறியையும் நிறுத்துங்கள். கிளிப் டியூனருக்கு இந்தத் தொல்லை இல்லை. அது மரத்தின் அதிர்வையே நேரடியாக எடுத்துக் கொள்கிறது. ஆடித்தபசு கூட்டத்துக்கு நடுவே மேடையில் சுருதி சேர்க்க வேண்டுமானால் அதுதான் சரி.

இன்னொன்று. டியூனரை ‘ச’ கம்பியோடு நிறுத்திக் கொள்ளுங்கள். நம் ‘ப’ என்பது ‘ச’வைப் போல ஒன்றரை மடங்கு, 196-க்கு 294. டியூனர் பச்சை காட்டுவது 293.66-க்கு. வித்தியாசம் 2 சென்ட்தான். ஆனாலும் இரண்டு கம்பிகளையும் சேர்த்து இழுத்தால் ஒலி மெதுவாக ஏறி இறங்குவது காதில் விழும். அந்த அசைவு நிற்கும் வரை ஃபைன் டியூனர் திருகைத் துளித்துளியாகத் திருப்ப வேண்டும்.

இதைச் சொல்லிக் கொடுத்தபோது அவள் கண்ணை மூடிக் கொண்டு கேட்டாள். மூன்றாவது முயற்சியில், “மாமா, நின்னுட்டு” என்றாள். எனக்கு அது அப்போது கேட்கவில்லை. என் காதுக்கு இன்னும் இரண்டு முறை இழுக்க வேண்டியிருந்தது.

இந்த வாரம் வகுப்பு முடிந்து வந்ததும் வாட்ஸ்ஆப் காலில் வாசித்துக் காட்டினாள். போனும் அதை மின்விசிறி என்று நினைத்துக் கொண்டதோ என்னவோ, பாதி வந்து சேரவில்லை.